முகவரி எழுதாத பொட்டலம்

ரகு,

சாப்பாட்டு மேஜை மேல் பொட்டலத்தைக் கட்டி வைத்திருக்கிறேன். உள்ளே செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, மேலே பழுப்புத் தாள் சுற்றி, நீ காட்டிக்கொடுத்தபடியே மூலைகளில் இரட்டையாக டேப் ஒட்டியாகிவிட்டது. முகவரி மட்டும் எழுதவில்லை. எழுதப் போவதும் இல்லை. கூரியர்காரர் வந்தால், இன்று எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவேன். இதை நேரிலேயே சொல்லலாம். ஆனால் நான் பேசத் தொடங்கினால் நீ கணினித் திரைக்குத் திரும்பிக்கொள்கிறாய். உன் அப்பாவும் அப்படித்தான், நான் வாயைத் திறந்தால் எங்கே ஸ்குரூடிரைவர் என்று தேட ஆரம்பிப்பார். எழுத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு, அது உன் முகத்தைப் பார்த்துத் தயங்குவதில்லை. உட்கார்ந்து படி. நான் பின்னறையில்தான் இருப்பேன். நீ படித்து முடிக்கும்வரை வெளியே வரமாட்டேன்.

கொண்டாப்பூர் வீட்டிலிருந்து அலுவலகம் போகிறவன் எதிர்த்திசையில் ஊரையே கடந்து திருமுல்கேரியில் என் வாசலில் வந்து நின்ற அந்த முதல் காலையில், உன் கழுத்தில் நாடா மட்டும் தொங்கியது. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு நாடாவை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. முதலில் வேலை எதுவும் தராமல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள், பிறகு பெஞ்சிலும் இடமில்லை என்றார்கள் என்று நீ சொன்னாய். உன் குரலில் ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. உங்கள் தலைமுறைக்கு மழை பெய்வதுபோல வேலை பெய்தது. மழை நிற்கும் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. உன் மனைவியை நினைத்து நான் ஒன்றுதான் கேட்டேன்.

"கவிதாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்றேம்மா. வேற எடத்துல ஆஃபர் கைக்கு வந்ததும் ரெண்டையும் சேத்துச் சொல்லிக்கலாம்."

"வராட்டி?"

"நல்ல வார்த்தையே உன் வாய்ல வராதாம்மா?"

வராது. எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது, இனிமேல் பழகிக்கொள்ளவும் முடியாது. ஆனால் அன்று உன்னைத் திருப்பி அனுப்பாமல் காப்பி போட்டுக் கொடுத்தேன். மறுநாளும் வந்தாய், அதற்கடுத்த நாளும் வந்தாய். காலையில் கவிதாவிடம் விடைபெற்று, பையில் கனம் இருக்க வேண்டுமே என்று பழைய பத்திரிகைகளை அடைத்துக்கொண்டு, என் வாசலில் வண்டியை நிறுத்துவது உனக்கு ஓர் உத்தியோகம் ஆகிவிட்டது. வேலையைவிட்டு அனுப்பியபோது அலுவலகம் கொடுத்த தொகையைச் சம்பளம்போல மாதந்தோறும் வீட்டுக் கணக்குக்கு மாற்றுகிறாய். அது தீரும் நாளை நீ கணக்குப் போட்டிருப்பாய். நான் கேட்டதில்லை.

சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நீதான் அப்பாவின் சாமான் அறையைத் திறந்தாய். அவர் போனபின் நான் அதைத் திறக்கவே இல்லை. துக்கத்தால் அல்ல, தூசியால். பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மனிதர், ராணுவக் கிடங்கில் கழித்துக்கட்டும் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று தெரிந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டாவது போய்விடுவார். எனாமல் குவளைகள், துருப்பிடித்த பூட்டுகள், முள் ஆடாத வோல்ட்மீட்டர்கள், மூடியில்லாத சாப்பாட்டுத் தகரங்கள். அதையெல்லாம் துடைத்துப் படம் எடுத்து, இணையத்தில் ஒவ்வொன்றாக ஏலம் விடலாம் என்றாய். உனக்குக் கல்யாணம் ஆனபோது இங்கேயே விட்டுப்போன பழைய கணினி கூடத்தில் இருந்தது. பொய்ப் பெயர் ஒன்று, புது மின்னஞ்சல் ஒன்று. படமும் பொட்டலமும் உன் பொறுப்பு. பொருளைப் பற்றிய வர்ணனையும், கேள்வி கேட்பவர்களுக்குப் பதிலும் என் பொறுப்பு. என் ஆங்கிலத்துக்கு இந்த வயதில் ஒரு பயன் கிடைத்தது என்று நானும் கொஞ்சம் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை. புனேயில் யாரோ ஒருவர் ஒரு துருப்பிடித்த பூட்டுக்காகக் காத்திருக்கிறார் என்பது விசித்திரமான செய்தி. மனிதர்கள் எதற்கெல்லாம் ஏங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு பொருளின் விலை எவ்வளவு கீழே போகும் என்று தெரிந்துகொள்ளவும்.

நமக்குள் தகராறு வந்தது வர்ணனையில்தான். "அரிய ராணுவப் பொருள், புத்தம் புதியதுபோல" என்று நீ எழுதி வைப்பாய். நான் அழித்துவிட்டு, "பிடியில் விரிசல், அடியில் துரு, தண்ணீர் ஒழுகும்" என்று எழுதுவேன். வேதியியல் படித்து, பிறகு பள்ளியில் அதையே சொல்லிக்கொடுத்தவள் நான். குப்பியில் இருப்பது என்னவோ அதைத்தான் மேலே ஒட்டும் சீட்டில் எழுத வேண்டும். இல்லையென்றால் யாராவது ஒருவருக்குக் கை வேகும். "இப்படி எழுதினா யாரும்மா வாங்குவா?" என்று தலையில் அடித்துக்கொண்டாய். வாங்கினார்கள். ஒழுகும் என்று தெரிந்தே வாங்கி, பேனா போட்டு வைத்துக்கொள்கிறேன் என்று எழுதினார்கள். உனக்கு அதில் வியப்பு. எனக்கு இல்லை.

மதியம் நீ கவிதா கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறப்பாய். அவளுக்கும் காலை ஷிப்ட், இருந்தும் விடிவதற்குள் எழுந்து உனக்குப் பொரியலும் குழம்பும் தனித்தனியாகக் கட்டுகிறாள். ஒரு நாள் காலி டப்பாவை எடுத்துக் குழாயடியில் போட்டேன். பதறிக்கொண்டு ஓடி வந்தாய்.

"கழுவாதம்மா! ஆபீஸ்ல யாரு கழுவித் தருவா? கண்டுபுடிச்சிடுவா."

எண்ணெய் படிந்த அந்த டப்பாவை அப்படியே மூடிப் பைக்குள் வைத்தாய். நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். என் மகன் எவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிறான், இந்த நுணுக்கத்தை எதற்குச் செலவழிக்கிறான் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய்யில் பெரிய வேலை அதைச் சொல்வது அல்ல. அதற்குத் தினமும் அழுக்கு டப்பா தயார் செய்வதுதான்.

இந்தப் பொட்டலத்தில் இருக்கும் வரைகருவிப் பெட்டியின் பூர்வீகம் உனக்கு முழுதும் தெரியாது. நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு ஏலத்தில் டிரங்கு நிறைய இப்படி வரைகருவிப் பெட்டிகள் வந்தன. கையில் பணம் சேரும் காலம் அல்ல அது, அதனால் காவலுக்கு நானும் கூடப் போயிருந்தேன். ஏலம் தொடங்குமுன் அதிகாரி ஒருவர் நிபந்தனையை உரக்க வாசித்தார்: பொருள் இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில், பின்னால் புகார் கிடையாது. பக்கத்தில் நின்ற பழைய சாமான் வியாபாரி உன் அப்பாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"நக்கோ சாப், நக்கோ! கைக்கு லேதே? சப் லங்டா மால் ஹை."

வேண்டாம் ஐயா, எதற்கு வாங்குகிறீர்கள், எல்லாம் நொண்டிச் சாமான் என்று அந்த மனிதர் மன்றாடினார். உன் அப்பா, "ஹவ், மாலூம் ஹை" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். தெரியுமாம். தெரிந்தே கை தூக்கும் மனிதரோடு நான் குடித்தனம் நடத்தினேன். ரிக்‌ஷாவில் டிரங்கை ஏற்றும்போதே என்னிடம் சொன்னார்.

"முழுசா ஒண்ணுகூட இல்ல. மூணைப் பிரிச்சா ஒண்ணு தேறும்."

"மீதி ரெண்டை என் தலையில கட்டுங்க."

"உன் தலை தாங்கும்."

கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே குறையைச் சொல்லிவிடுவார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம் என்று அவர் உயிரோடு இருந்தபோதே அவரிடம் சொல்லியிருக்கிறேன். நான் திட்டுவேன், இரண்டு நாள் பேசமாட்டேன். ஆனால் நான் திட்டியது உண்மையாக நடந்த ஒன்றுக்காக. அதில் ஒரு நிம்மதி உண்டு, அது இப்போது கவிதாவுக்குக் கிடைக்காமல் இருக்கிறது. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்கிறாள். "அத்தை, அவர் சரியாவே சாப்பிடறதில்ல. ஆபீஸ்ல யாரோ ரொம்பப் படுத்தறாங்க போல. நீங்க கேட்டா சொல்வாரு, கொஞ்சம் கேளுங்களேன்" என்கிறாள். கேட்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டு நான் போனை வைக்கிறேன். உன்னை அலுவலகத்தில் படுத்துவது யார் என்று எனக்குத் தெரியும். அதே அலுவலகத்தில் நானும் காப்பி போடுகிறேன்.

அப்பா மூன்றைப் பிரித்து ஒன்றாக்கிய பெட்டிகளில் ஒன்றைத்தான் நீ பொறியியலில் சேர்ந்தபோது உனக்குத் தந்தார். மூடியில் கிடங்கு எண் பொறித்திருந்ததால் உனக்கு அதை எடுத்துப் போகக் கூச்சம். ஒரு மாதத்துக்குள் பஸ்ஸில் தொலைத்துவிட்டு வந்து நின்றாய். அன்று நீ வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை, புதுப் பெட்டி வாங்கத்தான் அவசரப்பட்டாய். பின்னாளில் வருத்தப்பட உனக்கு உரிமை உண்டு. அதைக் கவிதாவிடம் சொல்லியும் இருக்கிறாய். அதன் ஜோடியாக மிஞ்சியிருந்த இந்தப் பெட்டியைப் போன வாரம் ஏலத்துக்கு வைத்தோம். "முழுத் தொகுப்பு" என்று நீ எழுதியதை நான் வழக்கம்போல அழித்தேன்.

அடுத்த நாள் கேள்விப் பகுதியில் ஒரு பெண் எழுதியிருந்தாள். உண்மைப் பெயர் அங்கே யாருக்கும் இல்லை. பூவின் பெயரும் எண்களும் சேர்ந்த ஏதோ ஒரு பெயர். நீ அப்போது வெளியே போய் யாருடனோ வேலைக்காகப் பேசிக்கொண்டிருந்தாய். இது என் கணவருக்குப் பரிசு, அவர் அப்பா கொடுத்த இதேபோன்ற பெட்டியை இளமையில் தொலைத்துவிட்டார், சில மாதங்களாக வேலை நெருக்கடியில் முகமே மாறிப்போயிருக்கிறது, இதைப் பார்த்தால் சிரிப்பார் என்று நினைக்கிறேன், பெட்டியில் குறைகள் இருந்தால் தயவுசெய்து முன்பே சொல்லிவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். எனக்கு லேசாக உறுத்தியது. ஆனால் முகம் மாறிப்போன கணவர்கள் இந்த ஊரின் எல்லா அடுக்குமாடிகளிலும் இப்போது இருக்கிறார்கள். காம்பஸ் வேறொரு பெட்டியைச் சேர்ந்தது, தன் பள்ளத்தில் சரியாக உட்காராது, கீல் இறுக்கம், ஓர் இடம் காலி என்று பதில் எழுதினேன். உடனே மறுமொழி வந்தது. "பரவாயில்லை. இப்போது தெரிந்துவிட்டது. நன்றி." அதன் பிறகுதான் அவள் ஏலம் கேட்டாள். இந்த வரிசையைக் கவனி ரகு. முதலில் குறையைக் கேட்டாள், தெரிந்துகொண்டாள், பிறகு கை தூக்கினாள்.

ஏலம் முடியும் மாலையில் நீ உற்சாகமாக இருந்தாய். பல வாரங்களுக்குப் பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாய்.

"விடமாட்டேங்குதும்மா இந்தப் பார்ட்டி. ஏத்த ஏத்த ஏறுது."

"எதிர்ல கேக்கறது யாருடா?"

"நாமதான்."

"நாமன்னா?"

"உன் பேர்ல ஒரு அக்கவுண்ட் போட்டு வெச்சிருக்கேன். எல்லாரும் பண்றதுதாம்மா, சும்மா ஒரு தள்ளு."

கிடங்கு ஏலங்களிலும் இப்படி ஏற்றிவிடுவதற்கென்றே ஆட்கள் மரத்தடியில் நிற்பார்கள். உன் அப்பா அவர்கள் பக்கம் திரும்பக்கூட மாட்டார். அவர் மனைவியின் பெயரை அந்த மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினாய். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஏலம் முடிந்துவிட்டது. அவள் ஜெயித்தாள். ஜெயித்தவரின் பெயரும் முகவரியும் திரையில் வந்தன. உன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது, அதை எடுக்க உனக்கு மறந்துவிட்டது.

"அம்மா. இது கவிதா."

அதற்குப் பிறகு நாம் பேசியதை நான் இங்கே எழுதிவைப்பது உன்னைக் குத்த அல்ல. நீ பேசியது உன் காதில் விழவில்லை என்று எனக்குச் சந்தேகம்.

"நீ அட்ரஸ் எழுதும்மா. என் கையெழுத்து அவளுக்குத் தெரியும்."

"என் கையெழுத்தும் தெரியும். வத்தக்குழம்புப் பொடிக்கு அளவு எழுதிக் குடுத்திருக்கேன்."

"அப்ப கூரியர்காரரை எழுதச் சொல்லிடறேன்."

"வித்தது வேண்டாம்னு சொல்லிடேன். உடைஞ்சு போச்சுன்னு சொல்லு. நீதான் நல்லாச் சொல்லுவியே."

"கேன்சல் பண்ணினா நெகட்டிவ் போட்டுடுவாம்மா. ரேட்டிங் போயிடும்."

வேலை போனபோது நான் பயப்படவில்லை. அந்த வாக்கியத்தில்தான் பயந்தேன். உன் மனைவி ஒரு முகம் தெரியாத கடைக்காரனைப் பற்றி என்ன எழுதுவாள் என்று கவலைப்பட்டாய். உன்னைப் பற்றி என்ன எழுதுவாள் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அவள் தன் சம்பளத்தில், உன்னைச் சிரிக்கவைக்க ஆசைப்பட்டு, உன் வீட்டுச் சாமானையே உன்னிடமிருந்து வாங்கியிருக்கிறாள். எதிரே நின்று நீயே விலையை ஏற்றியிருக்கிறாய். அந்தப் பெட்டி உன் பிறந்தநாளன்று உன் கையில் வரும். நீ பிரிப்பாய். ஆச்சரியப்பட்டதாக நடிப்பாய். நன்றாகவே நடிப்பாய் என்பதுதான் என் துயரம். அதற்குப் பிறகு உன்னிடம் அவளால் எதையும் கொண்டுவந்து தர முடியாது, அவள் தருவது எல்லாவற்றையும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தேதான் நீ வாங்கிக்கொள்வாய். நான் அதற்குப் பொட்டலம் கட்டித் தர மாட்டேன். இத்தனை நாள் கட்டித் தந்தது போதும்.

வேலை போனது குற்றமில்லை. இதைப் பத்து வரியில் ஆறுதலாகச் சொல்ல எனக்கு வராது, ஒரே வரியில் சொல்லிவிட்டேன், நம்பிக்கொள். இன்னொரு வேலை கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைத்தால் குறைந்த சம்பளத்தில் கிடைக்கும், அல்லது உனக்குப் பிடிக்காத ஊரில் கிடைக்கும். வீட்டுக் கடனை நினைத்தால் எனக்கும் கலக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் இரண்டு பேர் உட்கார்ந்து கலங்க வேண்டிய விஷயம். நீ அவளுடைய பங்கையும் சேர்த்து என் கூடத்தில் வந்து கலங்கிக்கொண்டிருக்கிறாய். அவளைக் காப்பாற்றுவதாக நினைக்கிறாய். அவள் கேட்டது காப்பாற்றச் சொல்லி அல்ல. குறை இருந்தால் முன்பே சொல்லுங்கள் என்று யாரோ ஓர் அந்நியனைக் கேட்டாள், அந்த அந்நியன் வீட்டில் இருந்த கிழவி சொல்லிவிட்டாள்.

நீ சொன்னால் அவள் மன்னிப்பாள் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. என் வர்ணனைகளில் நான் அப்படி எழுதியதே இல்லை. வேலை போனதை மன்னிப்பாள் என்று நினைக்கிறேன். பையில் அடைத்த பத்திரிகைகளையும் அழுக்கு டப்பாவையும் மன்னிப்பது கஷ்டம். ஈரோட்டுக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். போனால் நீ தடுக்கக் கூடாது. என்னையும் மன்னிக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுவிடும். அதற்கு நான் தயாராகிவிட்டேன், பழகியும் விடுவேன். எனக்கு அவளை உன்னைவிடப் பிடிக்கும் என்பதை இப்போது சொல்வதால் யாருக்கும் லாபமில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

நேற்று நீ கிளம்பிப் போன பிறகு அவளிடமிருந்து இன்னொரு கேள்வி வந்திருந்தது. பெட்டி என்றைக்குக் கிடைக்கும், அவர் பிறந்தநாளுக்குள் வந்துவிடுமா என்று கேட்டிருந்தாள். பதில் எழுதுவது என் பொறுப்பு, நாம் பேசிக்கொண்டபடி. எழுதிவிட்டேன். நாளை மாலை ஆறு மணிக்கு, விற்றவரே நேரில் கொண்டுவந்து கொடுப்பார், தயவுசெய்து வீட்டில் இருங்கள் என்று எழுதினேன். அந்த நாளை, இன்றுதான். இருக்கிறேன், மிகவும் நன்றி என்று இன்று காலை பதில் போட்டிருக்கிறாள். போய்த் திரையில் பார்த்துக்கொள்.

அதனால்தான் முகவரி எழுதவில்லை. கொண்டுபோகிறவனுக்கு வழி தெரியும். போகும்போது பையிலிருக்கும் பத்திரிகைகளை இங்கே கொட்டிவிட்டுப் போ, பெட்டி வைக்க இடம் வேண்டும். மதியம் நீ சாப்பிட்டு எழுந்ததும் டப்பாவை நான் கழுவித் துடைத்து வைப்பேன். குறுக்கே வராதே. கழுவின டப்பாவோடுதான் இன்று நீ வீட்டுக்குப் போகிறாய்.

அம்மா